பெர்ஸ்பெக்டிவ் பழக எது சரி: ஸ்கேலா, பெட்டியா, கடற்கரையா, பிளெண்டரா?

"அண்ணே, பெர்ஸ்பெக்டிவை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" கேமுக்கும் சினிமாவுக்கும் கான்செப்ட் ஆர்ட், அதாவது காட்சி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டும் படம், வரைய ஆசைப்படும் தம்பி தங்கைகள் அநேகமாக முதலில் கேட்பது இதுதான். தட்டையான தாளில் தூரமும் ஆழமும் தெரியும்படி வரையும் முறைதான் பெர்ஸ்பெக்டிவ். நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். ஸ்கேலை எடுத்து, மறைபுள்ளி (இணைகோடுகள் தூரத்தில் போய்க் கூடுவதுபோலத் தெரியும் இடம்) வைத்து முறைப்படி கட்டு என்பார் ஒருவர். அதெல்லாம் அப்புறம், வெறுங்கையால் பெட்டி பெட்டியாகப் போடு என்பார் இன்னொருவர். வெளியே போய்ப் பார்த்து வரை என்பார் மூன்றாமவர். காலம் மாறிவிட்டது, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைத் திற என்பார் நாலாமவர். எல்லார் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாலு வழிக்கும் ஒரே எடை கிடையாது, அதுவும் ராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு பழகுகிறவருக்கு.

எடைபோட்டுப் பார்க்க ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய தனுஷ்கோடி. ரயில் வந்து நிற்கிறது. தலைமன்னார் போகும் கப்பல் துறையில் காத்திருக்கிறது. சனங்கள் பெட்டி படுக்கையோடு இறங்குகிறார்கள். ஒரு கேமின் காட்சிக்காக இதை வரைந்து தர வேண்டும். டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு அந்த ஊர் போய்விட்டது. இப்போது அங்கே நிற்பது தேவாலயச் சுவரும் சில இடிபாடுகளும்தான். கான்செப்ட் ஆர்ட்டிஸ்டுக்குச் சம்பளம் கொடுப்பதே இதற்காகத்தான்: கண்முன் இல்லாத இடத்தை, அங்கே நின்று பார்த்ததுபோல வரைந்து காட்ட வேண்டும். எந்த வழியில் பழகினால் அது கைக்கு வரும் என்பதே என் அளவுகோல். படம் அழகாக வருமா என்பது வேறு கேள்வி.

ஸ்கேல் வழி

1435இல் இத்தாலியில் ஆல்பர்ட்டி எழுதிவைத்த முறையின் வாரிசு இது. கண்மட்டக் கோடு (பார்ப்பவர் கண்ணின் உயரத்தில் படத்தில் ஓடும் கிடைக்கோடு), மறைபுள்ளி, அளவுப்புள்ளி (தூரத்தை அளந்து குறிக்க உதவும் புள்ளி) என்று எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிக்கொடுக்கும். "ஏன் இப்படி?" என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் தருவது நாலில் இது ஒன்றுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். புதிய பாம்பன் ரயில் பாலத்தில் 18.3 மீட்டர் நீளமுள்ள கண்கள் (இரண்டு தூணுக்கு நடுவே உள்ள பகுதிகள்) 99 இருக்கின்றன; தூக்குப்பாலக் கண் மட்டும் 72.5 மீட்டர். சம இடைவெளித் தூண்கள் தூரம் போகப்போக எப்படிச் சுருங்கும்? புதிதாக வரைகிறவர்கள் ஒவ்வொன்றையும் முந்தையதில் பாதியாகப் போட்டுவிடுவார்கள்: பாதி, கால், அரைக்கால் என்று. பாலம் நாலே தூணில் முடிந்துபோகும். நிஜத்தில், முதல் தூண் உங்களிடமிருந்து ஒரு கண் தூரத்தில் இருந்தால், இரண்டாவது அதில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒன்று, நாலாவது நாலில் ஒன்று. முதலில் சட்டென்று இறங்கி, அப்புறம் மெதுவாக, மிக மெதுவாகச் சுருங்கிக்கொண்டே போகும். ஸ்கேலை வைத்து இதைப் பிடிப்பது சுலபம். முதல் தூணின் உச்சியிலிருந்து இரண்டாவது தூணின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுங்கள். அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாவது தூண்.

சரி, குறை என்ன? முதல் குறை, தாள் போதாது. ஏ4 தாளைக் கிடையாக வைத்தால் அகலம் 29.7 செ.மீ. படம் 60 டிகிரிப் பார்வைக்குள் அடங்கி, ஓரத்துப் பெட்டிகள் இழுபடாமல் இருக்க வேண்டுமானால், இரண்டு மறைபுள்ளிகளுக்கும் நடுவே 51 செ.மீ.க்கு மேல் வேண்டும். அதாவது புள்ளிகள் தாளுக்கு வெளியே விழும். பள்ளிக்கூடத்தில் இரண்டையும் தாளுக்குள்ளேயே குத்திப் பழகியதால்தான் பலர் வரையும் கட்டடங்களின் முன்மூலை கோடாரி முனைபோல வருகிறது. இதற்கு நல்ல வைத்தியம் உண்டு. தாளைப் பலகையில் ஒட்டி, பலகையின் இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்து, வலை பின்னும் நைலான் நூலைக் கட்டி இழுத்துக் கோடு பிடிக்கலாம். டச்சு ஓவியர் வெர்மீரின் பல ஓவியங்களில் மறைபுள்ளி விழும் இடத்தில் ஊசித்துளை இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவரும் நூல் பிடித்தவர்தான் போல.

இரண்டாவது குறை பெரியது. மெதுவாக நடக்கும். தனுஷ்கோடி நிலையத்தை இப்படிக் கட்டி முடிக்க ஒரு நாள் முழுக்கப் போகும். முடித்த பிறகு கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தச் சொன்னால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதையே பிரதான வழியாக வைத்துக்கொண்டவர்கள் வரைவதைவிடக் கோடு கட்டுவதிலேயே தங்கிவிடுகிறார்கள். கண்மட்டம், மறைபுள்ளி, மூலைவிட்டத்தால் பிரிப்பது, ரயில் சக்கரத்துக்கு நீள்வட்டம் போடுவது. இந்த நாலையும் இதில் கற்றுக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

பெட்டி வழி

இணையத்தில் ட்ரா எ பாக்ஸ் என்ற இலவசப் பாடத்தில் 250 பெட்டிகளைப் பேனாவால் வெறுங்கையில் போடச் சொல்வார்கள். போட்டு முடித்ததும் ஒவ்வொரு பெட்டியின் கோடுகளையும் வேறு நிறத்தில் பின்னோக்கி நீட்டி, ஒரே இடத்தை நோக்கிப் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் திருத்தம் அந்த நீட்டிய கோட்டிலேயே இருக்கிறது. பக்கத்தில் வாத்தியார் வேண்டாம், லேப்டாப் வேண்டாம், கரண்டு போனாலும் பரவாயில்லை. பத்து ரூபாய்ப் பேனா போதும்.

என் ஓட்டு முதலில் இதற்குத்தான். இல்லாததை வரையும் திறமை இங்கேதான் பிறக்கிறது. ரயில் பெட்டி ஒரு பெட்டி. சுங்க அலுவலகம் ஒரு பெட்டி, கூரை இன்னொன்று. கப்பலின் மேல்தளம் பெட்டிமேல் பெட்டி. ஒரு பெட்டியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மனதில் திருப்பத் தெரிந்தால் ஊரையே திருப்பலாம். கோடுகள் எவ்வளவு வேகமாகக் கூடுகின்றன என்பது அளவையும் சொல்லிவிடும் என்பது இதில் பழகினால்தான் உறைக்கும். அதே பெட்டியில் கோடுகள் கிட்டத்தட்ட இணையாகப் போனால் கையில் வைத்திருக்கும் தீப்பெட்டி மாதிரி தெரியும், சட்டென்று கூடினால் தலைக்கு மேல் நிற்கும் கப்பலாகிவிடும்.

குறை ஒன்று உண்டு. பெட்டிகள் எங்கேயும் நிற்பதில்லை, வெள்ளைத் தாளில் மிதக்கின்றன. தரை கிடையாது, தொடுவானம் கிடையாது. 250 முடித்தவர் தெரு ஒன்றை வரையும்போது ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு சாய்வில் நிற்பதைப் பார்க்கலாம்.

கடற்கரை வழி

அந்தக் குறைக்கு மருந்து நம் வாசலிலேயே இருக்கிறது. கண்மட்டம் என்றால் என்ன என்று மதுரையில் இருப்பவருக்குப் படம் போட்டு விளக்க வேண்டும், ஏனென்றால் அங்கே தொடுவானத்தைக் கட்டடங்கள் மறைத்துவிடும். இங்கே அது கோடாகவே கிடக்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை, 2017இல் திறந்த அந்த ஒன்பதரை கிலோமீட்டர் சாலையில், இரண்டு பக்கமும் கடல். சாலையின் ஓரங்கள் எந்தக் கோட்டில் போய்க் கூடுகின்றனவோ அதே கோட்டில்தான் வலப்பக்கக் கடலும் இடப்பக்கக் கடலும் முடிகின்றன.

மணலில் நின்று பாருங்கள். உங்கள் கண் தரையிலிருந்து 1.6 மீட்டரில் இருந்தால், உங்கள் உயரமே உள்ள எல்லாருடைய கண்ணையும் தொடுவானம் வெட்டும். பக்கத்தில் நிற்கிறவரானாலும் சரி, தூரத்தில் வலை இழுக்கிறவரானாலும் சரி. சமமான மணல் என்றால் விதிவிலக்கே கிடையாது. இது தெரிந்தால் அளவுகோலே கையில் வந்துவிடும். தொடுவானம் ஒரு சுவரைச் சரிபாதியாக வெட்டினால் அதன் உயரம் 3.2 மீட்டர். அப்படியே உட்காருங்கள், கோடு எல்லார் இடுப்புக்கும் இறங்கிவிடும். பாம்பன் சாலைப் பாலத்துக்கு ஏறுங்கள். கீழே நிற்கும் படகுகள் எல்லாம் கோட்டுக்குக் கீழே போய்விடும்.

இன்னொரு பாடம் நங்கூரம் போட்ட நாட்டுப்படகுகளில் இருக்கிறது. காற்றுக்குத் திரும்பி ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறைபுள்ளி, ஆனால் எல்லாப் புள்ளியும் அதே ஒரு கோட்டின்மேல். படத்துக்கு இரண்டே மறைபுள்ளி என்று மனப்பாடம் செய்தவர்கள் இதைப் பார்த்தால் தெளிந்துவிடுவார்கள்.

படகு ஆடுகிறதே, எப்படி வரைவது? அதற்கும் நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போட்ட இடத்திலேயே கிடக்கும். சிலவற்றைப் பழுது பார்க்கக் கரையேற்றுவார்கள், அடிப்பகுதி முழுக்கத் தெரியும். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம். முதலில் படகு அடங்குகிற பெட்டியைப் போட்டு, அதன் நடுக்கோட்டைப் பிடித்து, அணியத்தின், அதாவது முன்முனையின், வளைவை அப்புறம் ஏற்றுங்கள். வளைவைத் தனியாகத் துரத்தினால் படகு முறுக்கிக்கொள்ளும். கூட்டம் கூடி "என்னைய வரைங்க" என்பார்கள், அது வேறு விஷயம். காலை வெளிச்சத்தில் போனால் கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு.

ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். 1212 தூண்கள், ஒரே மறைபுள்ளி. இதைவிடச் சுத்தமான பாடம் கிடைப்பது கஷ்டம். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். நின்று பார்த்துவிட்டு, வெளியே வந்து ஞாபகத்திலிருந்து வரையுங்கள். இல்லாததை வரைவதற்கு அதுதான் பாதி வழி.

மீதிப் பாதிதான் இந்த வழியின் பலவீனம். இருப்பதையே வரைந்து பழகிய கை, எதிரில் எதுவும் இல்லாதபோது நின்றுவிடும். தேவாலயச் சுவரை அற்புதமாக வரைகிற ஒருவரிடம் அதற்குக் கூரை போட்டு, வாசலில் நாலு பேரை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள். தடுமாறுவார். வரைவதற்காகவே நான்கு வருடம் கல்லூரிக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். சென்னைக் கவின் கலைக் கல்லூரி 1850இல் தொடங்கிய பழைய இடம், கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. போனால் கண்ணும் கையும் நன்றாகத் தேறும். பெர்ஸ்பெக்டிவ் ஒன்றுக்காக மட்டும் போக வேண்டியதில்லை.

இடையில் ஒன்று. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவரோவியங்களை ஒருமுறையாவது பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தவை. மறைபுள்ளி என்ற பேச்சே அங்கே இல்லை. சேதுபதி மன்னர் பெரியவராக இருப்பது அவர் கிட்டே நிற்பதால் அல்ல, சேதுபதியாக இருப்பதால். எல்லாப் படத்துக்கும் பெர்ஸ்பெக்டிவ் கட்டாயம் என்று நினைப்பவர்களுக்கு நல்ல மறுமொழி. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் எத்தனையோ கேம்கள் கோடுகளை ஒன்றுசேர விடாமல் இணையாகவே ஓட்டுகின்றன.

பிளெண்டர் வழி

இலவசம். எட்டு ஜிபி ரேம் உள்ள லேப்டாப் இருந்தால் சாதாரணப் பெட்டிகளால் ஊர் கட்டலாம். தனுஷ்கோடியை அரை நாளில் கட்டி, கேமராவை எங்கே வேண்டுமானாலும் வைத்து, மேலே வரைந்துகொள்ளலாம். வேலை செய்யும் இடங்களில் இதுதான் சகஜமான நடைமுறை, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. நேரக்கெடு இருக்கும்போது யாரும் நூல் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பழகுகிறவருக்கு இது எங்கே இடிக்கும் என்றால், தவறான முடிவையும் பிழையில்லாமல் வரைந்து கொடுத்துவிடும். பிளெண்டர் கேமரா திறந்தவுடன் 50 மி.மீ. லென்ஸில் இருக்கும், கிடைமட்டப் பார்வை சுமார் 40 டிகிரி. செல்போனின் பிரதான கேமரா பெரும்பாலும் 24 மி.மீ.யை ஒட்டியது, சுமார் 74 டிகிரி. போனில் எடுத்த பாம்பன் படத்தின் மேல் 50 மி.மீ. கப்பலை ஒட்டினால் இரண்டும் சேராது, பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும். பெட்டி போட்டுப் பழகிய கண் இதை உடனே பிடிக்கும். பழகாத கண் வண்ணத்தைக் குறை சொல்லும். எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருள் புகைப்படத்தின் நேர்கோடுகளை வைத்து கேமராவைக் கணித்துத் தரும். பாலத்துக்கு நன்றாக வேலை செய்யும், அரித்துப்போன பவளக்கல் சுவரில் நேர்கோடு எங்கே கிடைக்கும்? கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் உள்ள பெர்ஸ்பெக்டிவ் உதவிக்கோடுகளுக்கும் இதே கதைதான். புள்ளியை எங்கே வைப்பது என்று அது சொல்லாது.

ஆக, என் வரிசை: பெட்டியும் கடற்கரையும் ஒரே சமயத்தில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இடையில் சந்தேகம் வரும்போது மட்டும் ஸ்கேல். கேமரா எவ்வளவு உயரத்தில், எந்த லென்ஸில் இருக்கிறது என்று ஒரு படத்தைப் பார்த்ததுமே ஓரளவு ஊகிக்க வந்த பிறகு பிளெண்டர். லேப்டாப் வாங்க வீட்டில் காசு சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் இந்த வரிசையின் லாபம்.

தனுஷ்கோடி வேலைக்குத் திரும்பினால், இழுபறியை முடிப்பது ஒரே ஒரு சூழ்நிலை. படத்தைப் பார்த்துவிட்டு ஆர்ட் டைரக்டர் சொல்கிறார்: "பிளாட்பாரத்திலிருந்து வேண்டாம், கப்பல் மேல்தளத்திலிருந்து காட்டு." ஸ்கேல்காரருக்கு அன்றைய நாள் போச்சு. பார்த்து மட்டுமே வரைகிறவர் ஏற கப்பலே இல்லை. பிளெண்டர்காரர் கேமராவைத் தூக்கிவிடுவார், ஆனால் எவ்வளவு தூக்கினால் காட்சி பேசும் என்று தெரியாமல் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருப்பார். பெட்டியும் கடற்கரையும் பழகியவருக்கு, எட்டு மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் நாலு மீட்டர் உயர ரயில் பெட்டியின் மேல்முனை, தண்டவாளத்துக்கும் தொடுவானத்துக்கும் சரிநடுவில் விழும் என்பது கணக்குப் போடாமலே தெரியும். பேனாவால் ஐந்து குட்டிப் படம் போட்டு நீட்டுவார். அதில் எது என்று டைரக்டர் விரல் வைத்த பிறகு பிளெண்டரைத் திறந்தால் போதும்.