ஒரு எஞ்சின், இரண்டு ஆயில் குச்சி, ஒன்பது வருடம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். நீங்கள்தான் ஒன்பது வருடமாக வைத்திருக்கிறீர்களே, எப்படி இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். வாங்காதீர்கள் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அப்போது என் கையில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. அந்தப் பதிலுக்கு அந்த வளையம்தான் காரணம், ஆனால் போனில் அதை விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக இருந்துவிடுகிறேன். என்னுடையது 1967ஆம் வருட வண்டி. 1798 சிசி, ஐந்து பேரிங் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), இரட்டை எஸ்யூ கார்பரேட்டர் என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த எஞ்சின் ஒரு நாளும் என்னைப் பாதியில் இறக்கிவிட்டதில்லை. குளிரில் சோக் இழுத்தால் இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொள்ளும். நாலாவது கியரில் மேடு ஏறும்போது வரும் அந்த அடிக்குரலுக்காகவே வழியை மாற்றிச் சுற்றிப் போயிருக்கிறேன். ஸ்பேர் பார்ட்ஸ் பிரச்சினை கிடையாது, ஒரு சின்ன ஸ்பானர் செட் இருந்தால் பாதி வேலையை நாமே முடித்துவிடலாம். இதில் எதையும் நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

என் பிரச்சினை ஆயில் பார்ப்பது. ஆமாம், எஞ்சினுக்குள் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் குச்சியை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவிப் பார்க்கிற அதே வேலைதான்.

வாங்கிய முதல் மாதத்திலிருந்து பின்பக்கம் ஆயில் ஒழுகியது. பழைய வண்டி என்றால் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் கீழே அட்டை விரித்து நிறுத்தப் பழகிவிட்டேன். அப்புறம்தான் ஒரு விஷயம் கவனித்தேன். குச்சியில் நிறைந்த அளவைக் காட்டும் மேல்கோடு வரை ஊற்றினால் முதல் சில நூறு கிலோமீட்டரில் அரை லிட்டருக்கு மேல் காணாமல் போகும், அதற்குப் பிறகு குச்சியின் அடிப்பகுதியில் வந்து நின்றுகொண்டு நகரவே நகராது, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் கொஞ்சம்தான் குறையும். நான் என்ன செய்வேன்? கீழ்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று பதறி மறுபடியும் மேல்கோடு வரை ஊற்றுவேன். மறுபடியும் ஒழுகும். ஒன்பது வருடமும் இதுதான் நடந்தது. எஞ்சின் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. தனக்கு வேண்டிய அளவில் அது வந்து நிற்கிறது, மேலே ஊற்றியதைத் துப்பிவிடுகிறது. இது அதிகமாக ஊற்றிய எஞ்சினின் அடையாளம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

சம்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஆயில் மட்டம் அதிகமாகி கிராங்க் அதைத் தொட ஆரம்பித்தால், முட்டை அடிக்கிற மாதிரி ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். பேரிங்குக்குத் தேவை ஆயில் படலம், காற்றுக்குமிழி இல்லை. இந்த எஞ்சினில் சூடான பிறகு ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ வரையும், ஐட்லிங்கில் 10 முதல் 25 வரையும் பிரஷர் இருக்க வேண்டும். எனக்கு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு முள் ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கும். மீட்டர்தான் பழசு என்று நினைத்து மீட்டரை மாற்றினேன். நடுக்கம் போகவில்லை.

இந்த வண்டியில் பின்சீலை (கிராங்க்கின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். நான் இரண்டு முறை தூக்கியிருக்கிறேன். முதல் முறை மாற்றிய சீல் ஒரு வருடத்தில் மறுபடி ஒழுகியபோது, சீல் போட்டவரை மனதுக்குள் திட்டாத நாள் இல்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது போன மாதம்தான் தெரிந்தது. இரண்டாவது முறை எஞ்சினை இறக்கி ஏற்றிய அந்த வேலையின் முடிவில்தான் இத்தனையும் வெளியே வந்தது.

அதற்குக் காரணம் இரண்டாவது குச்சி. பழைய குச்சியின் கைப்பிடி துருப்பிடித்திருந்ததால், பளபளவென்று குரோம் கைப்பிடி போட்ட புதுக் குச்சி ஒன்றைத் தபாலில் வரவழைத்திருந்தேன். இந்த எஞ்சினுக்குப் பொருந்தும் என்று பையில் அச்சடித்திருந்தது. எஞ்சின் இறக்குவதற்கு முந்தின நாள், ஒரே ஆயிலில், ஒரே இடத்தில் நிறுத்தி, இரண்டு குச்சியையும் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தேன். பழையதில் ஆயில் சரியாக மேல்கோட்டில் இருந்தது. புதியதில் மேல்கோட்டைத் தாண்டி 17 மில்லிமீட்டர் மேலே நனைந்திருந்தது. புதுக் குச்சி தப்பு, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டி, கோபத்தோடு அதை டப்பாவுக்குள் போட்டேன்.

எனக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் அப்படி முடிவு கட்டவில்லை. "தம்பி, ரெண்டு குச்சி ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் நம்பாதீங்க, ஜாடியில அளந்து ஊத்திப் பாத்துடுவோம்" என்றார். எஞ்சின் ஏற்றி முடித்ததும், கோடு போட்ட அளவு ஜாடியில், கையேட்டில் போட்டிருந்தபடி ஃபில்டரோடு சேர்த்து ஏழரை பைண்ட், அதாவது 4.26 லிட்டர் ஊற்றினோம். ஆயில் கூலரில் பழைய ஆயில் கொஞ்சம் தங்கியிருந்தது, அது இந்தக் கணக்கில் வராது. இரண்டு நிமிடம் ஓட விட்டு, ஃபில்டர் நிரம்பியதும் அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்தோம். வண்டி நிற்கிற தளம் சமமாக இருக்கிறதா என்று முன்னும் பின்னும் மட்டப்பலகை வைத்தும் பார்த்தார்.

பழைய குச்சியை உருவினால் ஆயில் கீழ்கோட்டை ஒட்டி இருக்கிறது. புதிய குச்சியில் மேல்கோட்டுக்கு மேல் 6 மில்லிமீட்டர். இரண்டுமே தப்பு, அதுவும் எதிரெதிர்த் திசையில்.

அண்ணன் பழைய குச்சியை வெளிச்சத்தில் பிடித்து, கைப்பிடிக்குக் கீழே இருந்த கறுப்புப் பகுதியை நகத்தால் சுரண்டினார். அதை நான் இத்தனை வருடமும் குச்சியின் தலை என்றுதான் நினைத்திருந்தேன். ஆயிலிலும் சூட்டிலும் வெந்து கல் மாதிரி ஆகியிருந்தது, அழுக்கு மூடியிருந்தது. சுரண்டச் சுரண்ட நடுவில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. பிளேடை அந்தக் கோட்டில் வைத்து அழுத்தினதும் ஒரு வளையம் கழன்று வந்தது, பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் சாதாரணக் குழாய் வாஷர்கள். இரண்டையும் சேர்த்து வெர்னியரில் அளந்தால் 11 மில்லிமீட்டர்.

எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்த யாரோ, குச்சி ஓட்டை வழியாக ஆயில் ஆவி கசிகிறது என்று அதை அடைக்க ஒரு வாஷர் போட்டிருக்கிறார், போதவில்லை என்று இன்னொன்றும் போட்டிருக்கிறார். அதனால் குச்சி 11 மில்லிமீட்டர் மேலே நின்றுவிட்டது. மேலே நிற்கிற குச்சி ஆயிலைக் குறைவாகக் காட்டும், குறைவு என்று பார்த்து நாம் கூடுதலாக ஊற்றுவோம். இந்தச் சம்பின் அகலத்துக்கு அது முக்கால் லிட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அந்த முக்கால் லிட்டர் உள்ளே நுரையாகி, ஆவியாகி, சீல் வழியாகவும் குச்சி ஓட்டை வழியாகவும் வெளியே வரப் பார்க்கும். கசிவை நிறுத்தப் போட்ட வாஷரே கசிவை வளர்த்திருக்கிறது. அதற்காக நான் இரண்டு முறை எஞ்சினைத் தூக்கியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

வாஷரைக் கழற்றிவிட்டுப் பழைய குச்சியை மறுபடி விட்டோம். ஆயில் மேல்கோட்டில் அப்படியே உட்கார்ந்தது.

புதுக் குச்சியின் தப்பு இதைவிட ஆபத்தானது, அதையும் சொல்ல வேண்டும். அது 6 மில்லிமீட்டர் நீளம் அதிகம், அதனால் கூடுதலாகக் கீழே இறங்குகிறது. கீழே இறங்கும் குச்சி ஆயில் நிறைய இருப்பதாகக் காட்டும், நாம் குறைவாக விட்டுவிடுவோம். அதிகமாக ஊற்றினால் ஒழுகும், புகையும், எரிச்சலூட்டும், ஆனால் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் செய்யும். குறைவாக விட்டால் ஒரு நாள் வேகமாக வளைவில் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பின் வாய் காற்றில் நின்று, பேரிங் போய்விடும். கைப்பிடி மின்னுகிறது என்று குச்சி வாங்குபவர்கள், பழைய குச்சியைப் பக்கத்தில் வைத்து, உட்காரும் விளிம்பிலிருந்து மேல்கோடு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று கட்டாயம் அளந்துகொள்ளுங்கள். முழு நீளத்தை அளந்து பயனில்லை, விளிம்பிலிருந்து கோடு வரைதான் கணக்கு. என் புதுக் குச்சியில் சரியான இடத்தில் அரத்தால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்து, ஸ்பேராக வைத்திருக்கிறேன்.

சில வண்டிகளில் குச்சி நேராக பிளாக்கின் ஓட்டையில் இறங்கும், சிலவற்றில் தனியாக ஒரு குழாய் அடித்து இறக்கியிருப்பார்கள். குழாய் உள்ளவர்கள் குழாயையும் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் வேலை பார்த்தபோது குழாயைக் கழற்றி மறுபடி அடித்தவர், அரை அங்குலம் குறைவாக இறக்கியிருந்தால் என் வாஷர் கதைதான் அங்கேயும். ஒரே குடும்பத்து எஞ்சின்களுக்குள் சம்ப் மாறும், குச்சி மாறும், ஐம்பது வருடத்தில் யார் எதை எதில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கையேட்டில் உள்ள பைண்ட்டையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் பைண்ட் 568 மில்லி, அமெரிக்க பைண்ட் 473 மில்லி. ஏழரை பைண்ட்டை அமெரிக்கக் கணக்கில் எடுத்தால் 3.55 லிட்டர்தான் வரும், 700 மில்லி குறைந்துவிடும். லிட்டரில் எழுதியிருந்தால் அதையே நம்புங்கள்.

பார்க்கிற முறையும் வண்டிக்கு வண்டி வேறு. பழைய போர்ஷே 911ல் ஆயில் தனி டேங்கில் இருப்பதால் எஞ்சின் நன்றாகச் சூடாகி ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். பழைய மினியில் கியர்பாக்ஸுக்கும் அதே ஆயில்தான். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் மொத்தமே இரண்டரை லிட்டர், அங்கே கொஞ்சம் குறைந்தாலும் பெரிய பங்கு. என் வண்டியில் நான் காலையில் எடுப்பதற்கு முன்னால், குளிர்ந்த எஞ்சினில், தினமும் ஒரே இடத்தில் பார்க்கிறேன். சூட்டில் ஆயில் விரியும், நாலு லிட்டரில் 70 டிகிரி வித்தியாசத்துக்கு 200 மில்லி அளவுக்கு வரும், அதனால் ஒரு நாள் சூட்டிலும் ஒரு நாள் குளிரிலும் பார்த்து ஒப்பிட்டால் குழப்பம்தான்.

புது ஆயில் தண்ணீர் மாதிரி இருக்கும், குச்சியில் எல்லை தெரியாது. நான் குச்சியின் நுனியை மெல்லிய உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்துவிட்டேன், இப்போது ஆயில் நின்ற இடம் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் வேறு அளவு காட்டினால் தாழ்ந்த பக்கம்தான் சரி, உயர்ந்த பக்கம் உள்ளே சுவரில் உரசி வழித்துக்கொண்டு வந்தது. ஊற்றாமலே மட்டம் ஏறினால் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்பரேட்டர் வழிகிறது, இல்லையென்றால், இயந்திர பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியாக இருந்தால் அதன் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது. அப்படியே ஓட்டாதீர்கள்.

ஆவி கசிவு என்று வாஷர் போடத் தோன்றினால், முதலில் பிரீதர் குழாய் (எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் வழி) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினுக்குள் அழுத்தம் கூடினால் குச்சியையே மேலே தள்ளும். என் வண்டியிலும் பிரீதரின் கம்பி வலையில் கெட்டியான கசடு இருந்தது. சுத்தம் செய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது ஒரு மாதமாகிறது. கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். ஆயில் மேல்கோட்டிலிருந்து ஒரு நூல் கீழே இருக்கிறது, பிரஷர் முள் நடுங்கவில்லை, கீழே விரித்த அட்டை காய்ந்து கிடக்கிறது. நேற்றுப் பழைய வழக்கத்தில் மேட்டு வழியாகச் சுற்றி வந்தேன், அதே அடிக்குரல்.

நண்பரை நேற்று ராத்திரி மறுபடி கூப்பிட்டேன். வாங்காதீர்கள் என்றுதான் இப்போதும் சொன்னேன், எனக்கு இன்னும் மனது ஆறவில்லை. ஆனால் வண்டியைப் பார்க்கப் போகும்போது நானும் வருகிறேன், அதற்கு முன்னால் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் குச்சியை நான் உருவிப் பார்க்க வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். வெர்னியரைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன்.