ரெண்டர் படத்தைப் பார்த்து மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்: நடக்கும் ஊனுண்ணிச் செடி மினியேச்சர் ஆர்டர் ஒன்றில் நடந்தது

மேசை விளையாட்டுக்கு நடக்கும் ஊனுண்ணிச் செடி அரக்கர்களை வடிவமைத்துத் தரச் சொல்லி யாரிடமாவது ஆர்டர் கொடுக்கப் போகிறீர்களா? முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கேட்டது 6 உருவங்கள். குடுவைச் செடி 2, இரு மடல் இலையால் பூச்சியைப் பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப் 2, பசைத்துளி சொட்டும் ட்ரோசெரா 1, மூன்றும் கலந்த பெரிய தலைவன் 1. அளவு 32 மி.மீ., அதாவது மனித உருவம் சுமார் 32 மி.மீ. உயரம் இருக்கும் அளவுகோல். சின்னவை 32 மி.மீ. பேஸிலும் (உருவத்தை நிறுத்தும் அடிப்பகுதி) தலைவன் 60 மி.மீ. பேஸிலும் நிற்க வேண்டும். எல்லாம் ரெசின் பிரிண்டருக்கான (திரவ ரெசினை ஒளியால் இறுக்கி உருவம் அச்சிடும் 3டி பிரிண்டர்) எஸ்.டி.எல். கோப்புகள், அதாவது முப்பரிமாண வடிவக் கோப்புகள்; சப்போர்ட் (அச்சாகும்போது உருவத்தைத் தாங்கி, பிறகு கிள்ளி எடுக்கும் தண்டுகள்) போட்டே தரப்படும் என்று பேச்சு. பாதிப் பணம் முதலில், மீதி ரெண்டர் படங்களை (உருவம் எப்படி இருக்கும் என்று கணினியில் உருவாக்கிக் காட்டும் படங்கள்) ஒப்புக்கொண்டதும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் ஏமாற்றம் ஒளிந்திருந்தது. படங்கள் கண்ணைப் பறித்தன, மீதிப் பணமும் போனது. வந்த கோப்புகளில் ஒன்றுகூட முதல் முறையில் முழுசாக அச்சாகவில்லை.

விற்றவர் பெயர் இங்கே வராது. எங்கே பிசகியது என்று தெரிந்தால் அடுத்த ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்கலாம், அது போதும்.

முதலில் தோல். படத்தில் குடுவையின் மேல் சிவப்பு நரம்புகள், புள்ளிகள், விளிம்பில் வரிவரியான பளபளப்பு எல்லாம் இருந்தன. அச்சில் வந்தது தேய்ந்த சோப்புக் கட்டி. நரம்புகளை டெக்ஸ்சராக, அதாவது மேற்பரப்பில் போர்த்தும் படமாக வரைந்து, ஒளியை ஏமாற்றிப் புடைப்பாகக் காட்டியிருக்கிறார்கள். எஸ்.டி.எல். கோப்பில் முக்கோணங்கள் மட்டுமே உண்டு. நிறமும் டெக்ஸ்சரும் அதில் ஏறாது. 32 மி.மீ. அளவில் ஒரு நரம்பு பிரைமருக்கும் பெயின்டுக்கும் பிறகு கண்ணில் பட வேண்டுமானால் குறைந்தது 0.2 மி.மீ. ஆழமாவது வேண்டும். குடுவை விளிம்பின் வரிகளை நிஜத்தில் உள்ளபடி நெருக்கமாகச் செதுக்கினாலும் அச்சில் மழுங்கிவிடும். அரை மி.மீ. அகலத்தில் எண்ணிக்கையைக் குறைத்துப் பெரிதாக்கிச் செதுக்குவதுதான் வழக்கம். அதனால் நிறமில்லாத சாம்பல் மெஷ்ஷை (முக்கோணங்களால் ஆன வெறும் வடிவத்தை) நாலா பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முக்கோணக் கோடுகள் மட்டும் தெரியும் வயர்ஃபிரேமையும் கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

அடுத்தது ஃப்ளைட்ராப்பின் பற்கள். இலை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் முட்கள்தான் அந்த அரக்கனுக்கு முகமே. கோப்பில் அவை ஒவ்வொன்றும் 0.2 மி.மீ. கனம். காரணத்தைத் தேடினால், முதலில் 75 மி.மீ. சிலையாகச் செதுக்கிவிட்டு அப்படியே 32-க்குச் சுருக்கியிருக்கிறார். அங்கே அரை மி.மீ. இருந்த முள் இங்கே 0.21 ஆகிறது. சப்போர்ட்டைக் கிள்ளும்போதே பாதி உதிர்ந்தது, மிச்சம் விளையாட்டுப் பெட்டியில் ஒரு பயணம் தாங்கவில்லை. விளையாடக் கையில் எடுக்கும் உருவத்துக்கு முள்ளின் அடி 0.8, நுனி 0.5 மி.மீ. இருக்கட்டும், நுனி மொட்டையாக இருக்கட்டும். நிஜ இலையில் உள்ள எண்ணிக்கையை அப்படியே வைக்க வேண்டியதில்லை. ஒரு மடலுக்கு 7, 8 போதும், கண்ணுக்கு நிறைய இருப்பதுபோலவே தெரியும்.

வாய்க்குள் ஒரு நாக்கும் வைத்திருந்தார். அரக்கன்தானே, இருக்கட்டும் என்று விடலாம். ஆனால் ஆர்டரில் எழுதிக் கேட்டது தூண்டு முடிகள். ஃப்ளைட்ராப்பின் ஒவ்வொரு மடலிலும் பொதுவாக 3 முடிகள் இருக்கும். சுமார் 20 விநாடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் பொறி மூடும். இந்தக் கணக்கை வைத்தே அந்த உருவத்துக்கு விளையாட்டு விதி எழுதியிருந்தது. முடியை அரை மி.மீ. உயரக் கூம்பாகப் புடைக்க வைத்தால் பிரிண்டர் எடுத்துக்கொள்ளும். அதேபோல் குடுவைச் செடியின் மூடியைத் தாடையாக்கிப் பல் வைத்துவிட்டார். இந்தக் குடுவைச் செடியான நெப்பந்தஸின் மூடி இரையைப் பிடிக்கக் கவ்வி மூடுவதில்லை. அது மழைநீர் உள்ளே நிறையாமல் காக்கும் கூரை. பூச்சி விழுவது விளிம்பு வழுக்குவதால். செடியைத் தெரிந்த ஒருவர் செய்தால் அந்த வழுக்கலிலிருந்தே ஓர் அரக்கன் பிறந்திருப்பான். இங்கே கிடைத்தது பச்சை முதலை.

இனி குடுவை. இந்தப் பதிவின் பாதிக் காரணம் இதுதான். ரெசின் பிரிண்டரில் உருவம் மேலேறும் தட்டிலிருந்து தலைகீழாகத் தொங்கியபடி அடுக்கடுக்காக வளர்கிறது. குடுவையை நிமிர்ந்த நிலையில் சப்போர்ட் போட்டால் அதன் அடி முதலில் உருவாகும், திறந்த வாய் ரெசின் தொட்டியின் அடியில் உள்ள ஒளிபுகும் படலத்தைப் பார்த்தபடி வளரும். ஒவ்வொரு அடுக்கும் படலத்திலிருந்து பிரியும்போது குடுவை உறிஞ்சும் கிண்ணமாகிவிடுகிறது. காற்றோ ரெசினோ உள்ளே போக வழியில்லை. சுவர் கனம் 0.8 மி.மீ.தான் என்றால் கேட்கவே வேண்டாம், பக்கவாட்டில் பிய்ந்து ஓட்டை விழும். இங்கே இரண்டு குடுவைகளிலும் வாயிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே, ஒரே உயரத்தில் ஓட்டை. வாயைத் தட்டின் பக்கம் சாய்த்துத் திருப்பினால் உறிஞ்சல் போய்விடும். ஆனால் சப்போர்ட் தழும்பெல்லாம் உருவத்தின் அழகான இடமான விளிம்பில் விழும். நல்ல வழி, குடுவையின் அடியில் 2.5 மி.மீ. துளை ஒன்றை வடிவமைக்கும்போதே வைப்பது. நெப்பந்தஸின் குடுவை இலை நுனிப் பற்றுக்கொடியில்தான் முளைக்கிறது. அந்தக் கொடியைத் தனித் துண்டாகச் செய்து துளைக்குள் செருகினால் துளை வெளியே தெரியாது. செடியின் உடலமைப்பே தீர்வைக் கையில் தருகிறது. அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

இதைச் சொன்னபோது வந்த பதில்: “உங்கள் பிரிண்டர் செட்டிங் தப்பு, எக்ஸ்போஷரைக் கூட்டுங்கள்.” இந்த வரியை எல்லாரும் கேட்பீர்கள் (எக்ஸ்போஷர் என்பது ஒவ்வோர் அடுக்கிலும் ஒளி படும் நேரம்). சோதிக்க எளிய வழி உண்டு. அதே கோப்பை வேறொரு பிரிண்டரில், வேறு ரெசினில் போடுங்கள். ஓட்டை அதே அடுக்கில் விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கோப்பை. எக்ஸ்போஷரைக் கூட்டினால் ஓட்டை சில சமயம் மறையும், ஆனால் எல்லா விளிம்பும் தடித்துப் பொருத்துதுளைகள் சுருங்கும். சுருங்கத்தான் செய்தன. துண்டுகளை இணைக்கும் முளை 3.0 மி.மீ., துளையும் 3.0 மி.மீ. என்று இடைவெளியே விடாமல் வைத்திருந்ததால் எதுவும் எதற்குள்ளும் போகவில்லை. ரெசினில் பக்கத்துக்கு 0.1 மி.மீ.யாவது விட வேண்டும். முளை உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் துண்டு சுழலாது.

தலைவனின் உடல் ஒரு பெரிய கிழங்கு. ரெசின் மிச்சமாகும் என்று உள்ளே வெற்றிடமாக்கியிருந்தார்கள், வடிதுளை ஒன்றுகூட வைக்கவில்லை. உள்ளே சிக்கிய திரவ ரெசின் இறுகாமல் அப்படியே கிடக்கும். பெயின்ட் முடிந்து சில வாரம் கழித்து அடிப்பக்கம் விரிசல் விட்டுப் பிசுபிசுப்பு ஒழுகியது, மேலிருந்த நிறம் தோலாக உரிந்தது. வெற்றிடம் வேண்டுமானால் சுவர் 2 மி.மீ., துளை குறைந்தது இரண்டு, ஒவ்வொன்றும் 3 மி.மீ., எதிரெதிர் முனையில். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சிரிஞ்சால் உள்ளே பீய்ச்சிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு துளை வழியே சிறு யு.வி. (புற ஊதா) விளக்கை நுழைத்து இறுக்க வேண்டும். விரல் தடிமனுக்குக் குறைந்த உடல் என்றால் வெற்றிடமே வேண்டாம், திடமாகவே அடியுங்கள். இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது, ஒழுகும் உருவத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நடை என்பதும் வெறும் பேச்சாகவே போனது. படத்தில் நான்கு வேர்க்கால்கள், அவற்றில் தரையைத் தொட்டவை இரண்டு. கனமான குடுவைத் தலை முன்னால் தொங்குகிறது, கணுக்கால் 1.2 மி.மீ. பேஸில் ஒட்டினால் நிற்கும், ஒரு மாதத்தில் கால் வளைந்து மூக்கு தரையைத் தொடும். நடப்பதுபோல் காட்ட ஒரு காலைத் தூக்கலாம், ஆனால் மற்ற மூன்று புள்ளிகள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், எடை மையத்திலிருந்து விழும் செங்குத்துக் கோடு அந்த முக்கோணத்துக்குள் இறங்க வேண்டும். நாலாவது கால் இல்லையென்றால் பின்னால் இழுபடும் கொடியையே ஊன்றுகோலாக்கலாம். கணு சின்ன உருவத்துக்கு 1.8, தலைவனுக்கு 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பேஸில் ஒட்டாமல் மேசையில் வைத்து, மேசையைக் கொஞ்சம் சாய்த்தாலும் நிற்கிறதா என்று சோதனை அச்சின் வீடியோ கேளுங்கள். போட்டோ போதாது. போட்டோவில் பசை தெரியாது.

சில்லறைக் கோளாறுகளும் உண்டு. ஒரு கோப்பு அங்குலக் கணக்கில் வந்ததால் கடுகளவாகத் திறந்தது. எஸ்.டி.எல்.லில் அலகு பதிவாகாது, 25.4 மடங்கு பெரிதாக்கினால் சரியாகிவிடும். மெஷ்ஷில் நூற்றுக்கணக்கான தனித்தனித் துண்டுகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கிடந்தன. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒன்றாக்க முடிந்தது, அதற்கு மட்டும் ஒரு மாலை முழுவதும் போனது.

கடைசியில் தெரிந்தது எல்லாவற்றையும்விட மோசம். ஃப்ளைட்ராப் மடலின் சுருக்கங்கள் இலவசமாகக் கிடைக்கும் வேறொருவர் மாதிரியில் உள்ளவற்றோடு கோடு பிசகாமல் பொருந்தின. அந்த மாதிரியின் உரிமம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும். அதைத்தான் நமக்காகவே செதுக்கியதாக விற்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கோப்பிலிருந்து அச்செடுத்து விற்றால் மாட்டிக்கொள்வது வாங்கியவர்தான். செதுக்கும் கட்டங்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளை, உருண்டைக் களிமண் நிலையிலிருந்தே, வேலை நடக்கும்போதே வாங்கிவையுங்கள். முடிந்த பிறகு கேட்டால் “அழித்துவிட்டேன்” என்பார்கள். ஒப்பந்தத்தில் மூன்றாம் நபர் மாதிரி எதுவும் கலக்கவில்லை என்று ஒரு வரியும், அச்சிட்டு விற்க உரிமை உண்டா இல்லையா என்று இன்னொரு வரியும் எழுத்தில் இருக்கட்டும். மீதிப் பணம் சோதனை அச்சு கைக்கு வந்த பிறகுதான். வாங்குபவருக்குப் பாதுகாப்புள்ள வழியில் கட்டுங்கள். இங்கே நேரடியாக அனுப்பியது தப்பு, திரும்பக் கேட்ட இரண்டாம் நாளே பதில் நின்றுபோனது.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு: ட்ரோசெராவையும் குடுவைகளையும் காப்பாற்றலாம். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, உள்பக்கம் ஒரு காகிதத்துண்டை வைத்து, ரெசினைத் துளித்துளியாக விட்டு யு.வி. டார்ச்சால் இறுக்குங்கள். மேலே இரண்டு பங்கும் சமமாகப் பிசைந்த எப்பாக்ஸி புட்டியால் நரம்பு இழுத்தால் தழும்பு போய்விடும். கோப்பில் வராத நரம்பும் அப்போதே கிடைத்துவிடும். வளைந்த காலை 60 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் போட்டு நிமிர்த்தி உடனே குளிர்ந்த நீரில் அமுக்குங்கள். அது ஆறியதும் கணுவின் நடுவே 1 மி.மீ. டிரில்லால் துளைத்துப் பித்தளைக் கம்பி நுழைத்து, கம்பி பேஸுக்குள்ளும் 3 மி.மீ. இறங்கும்படி சூப்பர் குளூவால் ஒட்டுங்கள். கணு 1.2 மி.மீ. மட்டுமே என்றால் துளைக்கப் போகாதீர்கள், பிளந்துவிடும். கம்பியை வெளியே வைத்து அதன்மேல் புட்டியைச் சுற்றி வேர்போல முறுக்கிவிடுங்கள்.