சோவியத் மேப் பஸில், மரத்துல செஞ்சது: வாங்கலாமா?

மூணு போர்டு ஒரே டப்பாவுல வருது, மூணுமே உடைஞ்சு போன பழைய கம்யூனிஸ்ட் நாடுங்க, ஒவ்வொரு துண்டும் அதுக்குள்ள இருந்த ஒரு குடியரசு. சோவியத் யூனியன் 15 துண்டு, யூகோஸ்லாவியா 6 துண்டு, செக்கோஸ்லோவாக்கியா ரெண்டே ரெண்டு துண்டு. ஆமாங்க, ரெண்டு துண்டுல ஒரு பஸில், நானும் டப்பாவ பாத்துட்டு இது என்னடா ஏமாத்து வேலைனுதான் நினைச்சேன். அக்கா பையன் எட்டாவது படிக்கிறான், மேப் பைத்தியம், அவன் பொறந்தநாளுக்குனு ஆன்லைன்ல வாங்குனது, இப்ப அவன விட நான்தான் அத வச்சிட்டு உக்காந்திருக்கேன்.

மரம் நல்லா இருக்கு, ஓரமெல்லாம் வழவழனு தேச்சிருக்காங்க, பெயிண்ட் உரியல. ரஷ்யா துண்டு ஒண்ணே போர்டுல முக்கால்வாசிய அடைச்சுக்குது, மீதி 14ம் தெக்கயும் மேக்கயும் நண்டும் சிண்டுமா. அர்மீனியா நகத்தளவுதான், ரெண்டு தடவ சோபா இடுக்குல தேடி எடுத்தாச்சு. சின்னப் பசங்க இருக்குற வீடுனா பாத்துக்கோங்க, வாயில போட்டுடுவாங்க.

பையன் எல்லாத்தையும் மாட்டி முடிச்சிட்டு ஒரு கேள்வி கேட்டான் பாருங்க. "சித்தி, செச்னியா துண்டு எங்க?" குத்துச்சண்டை வீடியோல அந்தப் பேர கேட்டிருக்கான். தனி மொழி, தனி இனம், சண்டையெல்லாம் நடந்துச்சே, துண்டு ஏன் இல்லனு கேக்குறான். டப்பால தேடுனா இல்லதான், அது ரஷ்யா துண்டுக்குள்ளயே இருக்கு, ஒரு கோடு கூட கிடையாது. இது கம்பெனி தப்பு இல்ல. சொல்லப்போனா இந்தக் கேள்வியிலதான் மொத்த விஷயமும் இருக்கு.

சோவியத்ல நூத்துக்கும் மேல இனங்கள் இருந்துச்சு, ஆனா எல்லாருக்கும் ஒரே அந்தஸ்து கிடையாது. மேல் தட்டுல 15 யூனியன் குடியரசு, அதுக்குக் கீழ தன்னாட்சிக் குடியரசு, அதுக்கும் கீழ தன்னாட்சி மாவட்டம்னு அடுக்கடுக்கா. மேல இருந்த 15க்கும் தனி பாராளுமன்றம், தனி அமைச்சரவை, தனி கொடி. 1977 அரசியல் சட்டத்துல 72வது பிரிவு என்ன சொல்லுதுனா, விருப்பப்பட்டா பிரிஞ்சு போகலாம்னு சொல்லுது! சும்மா அலங்காரத்துக்கு எழுதி வச்சதுதான், எல்லாத்தையும் கையில வச்சிருந்த கம்யூனிஸ்ட் கட்சி இருக்குற வரைக்கும் எவன் கேக்கப் போறான். 1990 ஏப்ரல்லதான் எப்படி பிரியுறதுனு ஒரு சட்டமே போட்டாங்க, மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், அப்புறம் அஞ்சு வருஷம் வரைக்கும் காத்திருக்கணும்னு. யாரும் காத்திருக்கல. 1991 டிசம்பர்ல எல்லாம் முடிஞ்சப்ப உலகம் ஏத்துக்கிட்ட நாடா வெளிய வந்தது அந்த 15தான், ஒண்ணு கூடுதலாவும் இல்ல, ஒண்ணு குறையவும் இல்ல. செச்னியா ரெண்டாவது தட்டு. அதுவும் 1991லயே விடுதலைனு அறிவிச்சுது, கிடைச்சது 1994லயும் 1999லயும் ரெண்டு போர்.

இன்னொரு கூத்து சொல்றேன். பின்லாந்து பக்கத்துல இருக்குற கரேலியா 1940ல இருந்து 1956 வரைக்கும் 16வது யூனியன் குடியரசா இருந்துச்சு, அப்புறம் கீழ இறக்கி ரஷ்யாவுக்குள்ள போட்டுட்டாங்க. இறக்காம விட்டிருந்தா இந்த டப்பால 16 துண்டு வந்திருக்கும்.

சரி, கூட வர்ற புக்லெட்டுக்கு வருவோம். மோசம். சோவியத் பக்கத்துல எல்லாத்துக்கும் சோவியத்தோட கடைசித் தலைவர் கோர்பசேவ்தான் காரணம்னு முடிச்சிட்டாங்க, யூகோஸ்லாவியா பக்கத்துல காலங்காலமா இருந்த இனப் பகைனு நாலு வரி. இனப் பகைதான் காரணம்னா ருமேனியால அவ்வளவு ஹங்கேரியன்கள் இருக்காங்க, பல்கேரியால துருக்கியர்கள் இருக்காங்க, அங்கயும் 1989ல கம்யூனிஸ்ட் ஆட்சி கவுந்துச்சு, நாடு உடையலையே? ஐரோப்பாவுல உடைஞ்ச கம்யூனிஸ்ட் நாடு மூணுதான், அந்த மூணும்தான் கூட்டாட்சி, அதாவது தனித்தனி குடியரசா பிரிச்சு வச்சிருந்த நாடு. இத ஒரு வரி எழுதியிருந்தா போதும், மூணு போர்ட ஏன் ஒரே டப்பால போட்டிருக்காங்கனு வாங்குறவனுக்குப் புரிஞ்சிருக்கும். சீனாவுல கதை வேற, ஹான் இனமே 90 சதவீதத்துக்கு மேல, சட்டத்துலயும் பிரியுற உரிமைனு பேச்சே கிடையாது.

நான் பையன்கிட்ட சொன்னது இதான், வெட்டுன கோடு முன்னாடியே இருந்துச்சுடா, அத ஒட்டி வச்சிருந்தது கட்சி மட்டும்தான். பொருளாதாரம் படுத்துச்சு, 1986ல எண்ணெய் விலை விழுந்துச்சு, அதெல்லாம் உண்மைதான், ஆனா காசில்லனா ஆட்சி மாறும், நாடே ஏன் உடையணும்? 1990 மார்ச்ல கட்சியோட ஏகபோகத்த சட்டத்துல இருந்து எடுத்தாங்க, அதே வருஷம் குடியரசுகள்ல போட்டித் தேர்தல் வந்துச்சு, மக்கள்கிட்ட ஓட்டு வாங்குனவன் பூரா குடியரசு ஆளு. கோர்பசேவ் மக்கள் ஓட்டுல ஜனாதிபதி ஆனவரே இல்ல, 1991 ஜூன்ல எல்ட்சின் ரஷ்யக் குடியரசுக்கு ஜனாதிபதியா மக்கள் ஓட்டுல நேரடியா ஜெயிச்சு வந்தார். அப்புறம் யார் பேச்சு எடுபடும்? யூனியன் இருக்கணுமா வேண்டாமானு வச்ச 1991 மார்ச் வாக்கெடுப்புல ஆறு குடியரசு கலந்துக்கவே இல்ல, ஓட்டு போட்டவங்கள்ல முக்கால்வாசி பேர் யூனியன் இருக்கட்டும்னுதான் சொன்னாங்க, அதே வருஷம் டிசம்பர் 1ல உக்ரைன்ல 90 சதவீதத்துக்கு மேல விடுதலைக்கு ஓட்டு. ஒரே வாரத்துல, டிசம்பர் 8ல, ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் மூணு பேரும் கையெழுத்து போட்டு கடைய மூடிட்டாங்க.

யூகோஸ்லாவியா போர்டுதான் எனக்குப் பிடிச்சது. கொசோவோவையும் வொய்வொதினாவையும் செர்பியா துண்டு மேல கோடா மட்டும் வரைஞ்சிருக்காங்க, வெட்டல. இத யோசிச்சவருக்கு ஒரு சலாம். ரெண்டும் அப்ப மாகாணம்தான, குடியரசு இல்லையே, 1989ல செர்பியத் தலைவர் மிலோசெவிச் அதுங்களோட தன்னாட்சியையும் பிடுங்கிட்டார். இங்கயும் அதே கதைதான், நாட்ட ஆண்ட டிட்டோ 1980ல செத்துப் போனார், 1990 ஜனவரி கட்சி மாநாட்டுல ஸ்லோவேனியாக்காரங்க வெளிநடப்பு பண்ணாங்க, கட்சி அங்கயே காலி, அப்புறம் ஒவ்வொரு குடியரசுலயும் தனித்தனியா தேர்தல், நாடு முழுக்க சேத்து ஒரு பலகட்சித் தேர்தல் கடைசி வரைக்கும் நடக்கல. போஸ்னியா துண்டு மட்டும் கையில எடுத்தா ஒரு மாதிரி ஆயிடுது. முஸ்லிம், செர்பியர், குரோவாசியர்னு மூணு பேரும் ஒரே தெருவுல இருந்த ஊரு, அதுக்குள்ள எங்க போய் கோடு போடுவீங்க? 1992ல இருந்து 1995 வரைக்கும் அந்தக் கோட்ட ரத்தத்துல போட்டாங்க. பையன்கிட்ட இத முழுசா சொல்லல.

செக்கோஸ்லோவாக்கியா ரெண்டு செகண்ட் வேலை. 1993 ஜனவரி 1ல பிரிஞ்சுது, ஒரு குண்டு வெடிக்கல, வாக்கெடுப்பும் வைக்கல. 1992 தேர்தல்ல செக் பக்கம் ஒரு கட்சி ஜெயிக்குது, ஸ்லோவாக் பக்கம் வேற கட்சி ஜெயிக்குது, ரெண்டு தலைவரும் உக்காந்து பேசி முடிச்சிட்டாங்க.

குறைனு பாத்தா நகிச்செவான், அது அஜர்பைஜான் பகுதி, நடுவுல அர்மீனியா புகுந்து பிரிக்குது. இதுல அர்மீனியா கலர்லயே அடிச்சு விட்டுட்டாங்க, இது மன்னிக்க முடியாத தப்பு. அப்புறம் உஸ்பெகிஸ்தான்ல ஃபெர்கானா பக்கம் நாக்கு மாதிரி நீட்டிட்டு இருக்குற இடம் மூணாவது நாளே ஒடிஞ்சிடுச்சு, அந்த எல்லையே அவ்வளவு கோணல்மாணலா இருந்தா மரம் என்ன பண்ணும், ஃபெவிகால் போட்டு ஒட்டியாச்சு.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார், அரை ஸ்டார் அந்த கொசோவோ கோட்டுக்காகவே. புக்லெட்ட தூக்கிப் போட்டுட்டு நீங்களே கதை சொல்ற மாதிரினா தாராளமா வாங்குங்க. நகிச்செவான் பத்தி கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன், "உங்க துண்டு மிஸ்ஸிங்னா போட்டோ அனுப்புங்க"னு பதில் வந்திருக்கு.