உங்கள் தளத்தின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது? பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள்

இணையத்தில் எழுதி அதை வைத்துத் தொழில் செய்கிறவர்கள், முக்கியமாக வீட்டிலிருந்தபடி தளம் நடத்தும் பெண்கள், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் டொமைனை, அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயரை, வாங்கிய கணக்கின் லாகின் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தளம் உங்களுடையது இல்லை. நீங்கள் எத்தனை வருடம் எழுதியிருந்தாலும் சரி.

நான் தையல் சொல்லித்தருபவள். ப்ளாகரில் இலவசமாக ஆரம்பித்தேன். சாதா ப்ளவுஸ், கட்டோரி, பிரின்சஸ் கட் என்று அளவெடுப்பதில் தொடங்கிக் கொக்கி வைப்பது வரைக்கும் படத்தோடு எழுதுவேன். தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018-இல் தமிழையும் சேர்த்துக்கொண்ட பிறகு கொஞ்சம் விளம்பர வருமானம் வந்தது. ஆனால் தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பரத்தில் கிடைப்பது சொற்பம். நூறு டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள், அது சேரவே மாதங்கள் ஆகும். எனக்குச் சோறு போட்டது பேப்பர் பேட்டர்ன்தான். 32 முதல் 44 வரை ஒவ்வொரு அளவுக்கும் பழுப்புத் தாளில் வெட்டி, டார்ட் புள்ளி குறித்து, தையலுக்கு விடவேண்டிய துணியையும் கோடு போட்டுக் காட்டி கூரியரில் அனுப்புவேன்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் இழப்பு புரியும். கைக்குழி சரியாக விழாவிட்டால் அக்குளில் சுருக்கம் வரும், கை தூக்கினால் ப்ளவுஸே மேலே ஏறும். அதைச் சரிசெய்வது பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். துணியைப் பாழாக்கிவிட்டுத் தேடி வருகிறவர்கள் அதைப் படிப்பார்கள், சந்தேகம் கேட்பார்கள், தைத்த ப்ளவுஸைப் படம் எடுத்து அனுப்புவார்கள். இரண்டு மூன்று முறை பேசி நம்பிக்கை வந்த பிறகுதான் பேட்டர்ன் வாங்குவார்கள். விற்பனையில் பெரும்பங்கு அந்த ஒரு கட்டுரை வழியாகத்தான் வந்தது. கூகுளில் அது காணாமல் போனால் கடைக்கு ஷட்டர் போட்ட மாதிரிதான்.

இந்த நேரத்தில்தான் கோவையிலிருந்து ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் கூப்பிட்டது. வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற்றித் தருகிறோம், டொமைன் இலவசம், ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) இலவசம், கூகுளில் முதல் பக்கத்துக்குக் கேரண்டி என்றார்கள். தளத்துக்கு 35,000 ரூபாய், அப்புறம் எஸ்இஓ, அதாவது கூகுள் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை, என்று மாதம் 8,000. முதல் இடத்துக்கு யாராலும் கேரண்டி தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. அப்படிக் கேரண்டி தருகிறவர் அங்கேயே பொய்யில்தான் ஆரம்பிக்கிறார்.

மாதாமாதம் பிடிஎஃப்பில் ரிப்போர்ட் வரும். பார்வையாளர் கோடு மேலேயே போகும், விற்பனை மட்டும் கீழே இறங்கியது. வருகிறவர்களின் கணக்கைக் காட்டும் அனலிடிக்ஸைப் பார்க்க அனுமதி கேட்டு, கேட்டு, கடைசியில் கிடைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வருகிறவர்களில் பாதிக்குமேல் தமிழே தெரியாத நாடுகளிலிருந்து. ஒரு நொடிகூட பக்கத்தில் நிற்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய போலி டிராஃபிக் அது. ஆட்சென்ஸ் அதைக் கண்டுபிடித்து என் கணக்கை 30 நாள் நிறுத்தியது, வந்த வருமானத்திலும் பிடித்தது. கொஞ்ச நாளில், கூகுள் தேடலில் நம் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோலில் இன்னொரு அறிவிப்பு: உங்கள் தளத்துக்குச் செயற்கையான இணைப்புகள் இருக்கின்றன என்று. சூதாட்டத் தளங்களிலிருந்தெல்லாம் என் ப்ளவுஸ் பாடத்துக்கு லிங்க் வாங்கிப் போட்டிருந்தார்கள். கூகுள் 2012-லிருந்தே இதற்குத் தண்டிக்கிறது, தொழில் தெரிந்த எவருக்கும் இது தெரியாமல் இருக்காது. ஆட்சென்ஸ் கணக்கு என் பெயரில், என் வங்கியில். அதனால் தண்டனை வந்தது எனக்கு. இலவசம் என்று அவர்களே வாங்கிய டொமைனோ அவர்கள் பெயரில்.

போதும், டொமைனை என் கணக்குக்கு மாற்றுங்கள், அதற்கு வேண்டிய ரகசியக் குறியீடான ஆத் கோட் கொடுங்கள் என்று கேட்டேன். ஒப்பந்தத்தை முறிப்பதற்கு 60,000 கட்டினால் தருகிறோம் என்றார்கள். ஒரு டாட் காம் பெயருக்கு வருடத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் ஆகும். நான் மறுத்ததும் தளத்தை நிறுத்திவிட்டார்கள், தீபாவளிக்கு முன்னால், ஊரே ப்ளவுஸ் தைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில். பேட்டர்ன் கேட்டு வந்தவர்களுக்கு வெறும் வெள்ளைப் பக்கம்.

டொமைன் விற்ற நிறுவனத்திடம் முறையிட்டேன். எங்கள் பதிவில் உரிமையாளர் அந்த மார்க்கெட்டிங் நிறுவனம்தான், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. அவர்கள் விதிப்படி அது சரிதான். சர்வதேச டொமைன் தகராறு நடைமுறைக்குப் போகலாமா என்று விசாரித்தேன். அதற்கு டிரேட்மார்க் உரிமை காட்ட வேண்டும், கட்டணமே 1,500 டாலர். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் கூப்பிட்டேன், அங்கே இது சிவில் விவகாரம் என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய கட்டுரைகள் ப்ளாகரில் டிராஃப்டாக மறைந்து கிடந்ததால் தப்பின. தளம் மாறிய பிறகு எழுதியவற்றில் கிடைத்ததை இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய பிரதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். எழுத்து வந்தது, படங்கள் பாதி வரவில்லை. வாசகர்கள் கேட்ட கேள்விகளும் நான் எழுதிய பதில்களும் நிறையப் போய்விட்டன. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். கூரியர் நோட்டில் இருந்த போன் நம்பர்களுக்கெல்லாம் புது முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உங்கள் டொமைனைச் சோதிக்க, டொமைன் யார் பெயரில் என்று பார்க்கும் ஹூஇஸ் தேடலை மட்டும் நம்பாதீர்கள். 2018-க்குப் பிறகு அதில் உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் யாருக்கு வருகிறது என்று பாருங்கள். உங்களுக்கு வரவில்லையென்றால், உறவு நன்றாக இருக்கும்போதே நாசூக்காகப் பேசி மாற்றி வாங்குங்கள். புதிதாக வாங்கிய டொமைனை 60 நாளுக்கு வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்பார்கள், அது உண்மை. ஆனால் அதே நிறுவனத்தில் உங்கள் கணக்குக்கு நகர்த்தித் தர பெரும்பாலும் வழி இருக்கும். சர்ச் கன்சோலிலும் அனலிடிக்ஸிலும் உங்கள் ஜிமெயில் உரிமையாளராக இருக்கட்டும், வெறும் பார்வையாளராக வேண்டாம். தளத்தின் முழு பேக்கப்பை உங்கள் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, அரசின் இ-ஜாக்ரிதி தளத்திலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கிய சேவை, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழில் என்று வாதாடலாம் என்று என் வழக்கறிஞர் சொன்னார். யூபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கேரண்டி என்று அவர்கள் எழுதிக் கொடுத்த தாள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். என் மனு இப்போது ஆணையத்தில் இருக்கிறது.

சமையல் தளம் நடத்தும் என் தோழி ஒருவருக்குப் போன வாரம் அதே ஆட்களிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேறு, பேக்கேஜ் அதேதான், டொமைன் இலவசம், முதல் பக்கம் கேரண்டி. டொமைனை என் கணக்கில் நானே வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் தளத்தை மட்டும் செய்து தாருங்கள் என்று அவர் சொன்னதும் போனை வைத்துவிட்டார்களாம். உங்களுக்கும் அழைப்பு வந்தால் முதலில் அதையே சொல்லிப் பாருங்கள்.