கொழும்பிலிருந்து காலிக்கு: ரயிலா, பஸ்ஸா?

இலங்கைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தென்கரையில் காலிக்கோட்டையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். தனிக் கார் பிடிக்காமல் போக மூன்று வழிகள் உண்டு: கடலோர ரயில், காலி வீதியில் ஓடும் சாதாரண பஸ், அதிவேக நெடுஞ்சாலை பஸ். என்னைக் கேட்டால், போகும்போது ரயில், இருட்டிய பிறகு திரும்புவதாக இருந்தால் நெடுஞ்சாலை பஸ்.

ரயில் கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து புறப்படுகிறது. காலிக்கு 1894-லேயே வந்துவிட்ட பாதை இது. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் வந்துவிடும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கல்கிசை வரை தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே பல இடங்களில் பாறைகள் மட்டும்தான். தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம், எனவே அந்தப் பக்கத்து ஜன்னலைப் பிடியுங்கள். மூன்றாம் வகுப்புச் சீட்டைக் கவுண்டரில் அப்போதே வாங்கலாம், மூன்று வழிகளிலும் செலவு குறைந்தது இதுதான். இரண்டரை மணி நேரம் ஆகலாம், சில வண்டிகள் கூடுதலாகவும் எடுக்கும். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஏறும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நிற்கவே இடம் இருக்காது. காலைக் கூட்டம் கொழும்பை நோக்கித்தான் வரும், எதிர்த்திசையில் போகிற உங்களுக்குச் சிரமம் குறைவு.

ஹிக்கடுவைக்கு முன்னால் பெரலிய என்ற இடம் வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஒரு ரயிலையே புரட்டிப்போட்டது இங்கேதான். இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். நினைவிடம் இருக்கிறது. அந்த இடத்தைக் கடக்கும்போது கடலை வேறு கண்ணோடுதான் பார்க்க முடிகிறது.

நெடுஞ்சாலை பஸ்ஸில் கடலே தெரியாது. உள்நாட்டு வழி, ரப்பர்த் தோட்டமும் வயலுமாகப் போகும். ஆனால் ஏசி உண்டு, நின்றுகொண்டு போகிற பேச்சே இல்லை, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கட்டணம் ரயிலைவிடப் பல மடங்கு. இதில் ஏற மாகும்புர நிலையத்துக்குப் போகவேண்டும், அது நகரத்துக்கு வெளியே. கொழும்பு கோட்டைப் பகுதியிலிருந்து 138-ஆம் இலக்க பஸ்ஸில் போனால் நெரிசலில் ஒரு மணி நேரம் கரையும். அதையும் கணக்கில் சேர்த்தால் வேகத்தில் ரயிலை அப்படியொன்றும் வென்றுவிடாது.

சாதாரண பஸ்ஸை முழுத்தூரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊர் ஊராக நின்று போகும், மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். வழியில் அம்பலாங்கொடையிலோ ஹிக்கடுவையிலோ இறங்கிச் சுற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏற நினைப்பவர்களுக்கு மட்டும் இதைவிட வசதி வேறில்லை. சிவப்பு நிறம் என்றால் அரசு பஸ். ஏறும்போது ‘காலி’ என்று சொல்லிப் புரியாவிட்டால் ‘கால்ல’ என்று சொல்லுங்கள், சிங்களத்தில் அதுதான் பெயர். முன்வரிசையில் மதகுருமாருக்கான இருக்கை இருக்கும், அதில் உட்காராதீர்கள்.

காலியில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். கோட்டைக்கு ஆட்டோ வேண்டாம், கிரிக்கெட் மைதானத்தை ஒட்டி நடந்தே போய்விடலாம். அப்புறம், அதே ரயிலில் மாத்தறைக்குத் தொடர்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: காலியில் தண்டவாளம் முட்டிக்கொண்டு நிற்கும், வண்டி வந்த திசையிலேயே பின்னோக்கிக் கிளம்பும். இதுவரை கடலோரம் இருந்த உங்கள் ஜன்னல் அங்கிருந்து நிலப்பக்கமாகிவிடும். இடம் கிடைத்தால் எதிர்வரிசைக்கு மாறிக்கொள்ளுங்கள்.