கோடா கூட்டங்கள்: காதலில் தன்னைத் தொலைப்பவர்களுக்கு எவ்வளவு உதவும்?

துணையின் முகம் வாடினால் அன்றைய நாளே போச்சு. அவர் வாங்கிய கடனையும் குடித்த குடியையும் ஊருக்கு மறைப்பது தன் வேலை. 'முடியாது' என்று சொல்ல நினைத்தாலே நெஞ்சு படபடக்கும். இப்படி வாழ்பவர்களுக்காக 1986-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் தொடங்கியது கோ-டிபென்டன்ட்ஸ் அனானிமஸ், சுருக்கமாக கோடா. குடியிலிருந்து மீள்பவர்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வகுத்த 12 மீட்புப் படிகளைத் தழுவிய அமைப்பு. இணையவழிக் கூட்டங்களும் உண்டு. கட்டணம் கிடையாது, விருப்பமிருந்தால் நன்கொடை. முதல் பெயரைச் சொன்னால் போதும்.

இவர்களிடம் மிக உருப்படியான விஷயம், இலவசமாகக் கிடைக்கும் அறிகுறிப் பட்டியல். உண்மையை மறுப்பது, சுயமதிப்புக் குறைவு, இணங்கிப்போவது, கட்டுப்படுத்துவது, ஒதுங்கி ஒளிவது என ஐந்து தலைப்புகள். 'விட்டுக்கொடுத்தே பழகியவள் நான்' என்று நம்பியவர்கள் நான்காவது தலைப்பில்தான் திகைத்து நிற்பார்கள். கேட்காமலே அறிவுரை சொல்வதும், உதவியை மறுத்தால் மனம் கசப்பதும் அங்கே இருக்கின்றன. 'இது அப்படியே அவர்தான்' என்று துணையை அளக்கத் தொடங்கினால் பட்டியலால் பயனில்லை. பொருந்தும் வரி ஒவ்வொன்றுக்கும் போன வாரச் சம்பவம் ஒன்றை எழுதுங்கள்: அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன சொல்ல விரும்பினீர்கள்.

கூட்டத்தில் ஒருவர் பேசி முடித்த பிறகும் யாரும் அறிவுரையோ ஆறுதலோ சொல்லக் கூடாது. புதிதாக வருபவருக்கு இது ஈரமில்லாத இடமாகத் தோன்றும். ஆனால் யார் அழுதாலும் ஓடிப்போய்ச் சரிசெய்யும் பழக்கமுள்ளவர், சும்மா உட்கார்ந்து கேட்கப் பழகுவது இங்கேதான். எங்கள் பார்வையில் கோடாவின் பெரிய பலம் இந்த விதி.

குறைகளும் உண்டு. நடத்துபவர்கள் உறுப்பினர்களே, சிகிச்சையாளர்கள் அல்லர். குழுவுக்குக் குழு தரம் மாறும், அதனால் நான்கைந்து குழுக்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஸ்பான்சரே, அதாவது உங்களுக்கு வழிகாட்டும் அனுபவமுள்ள உறுப்பினரே, அடுத்த ஊன்றுகோலாகிவிடும் ஆபத்தும் நிஜம். அவருடன் பேசும் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். முடிவை நீங்கள் எடுத்துவிட்டு அவரிடம் சொல்லுங்கள். எட்டாம், ஒன்பதாம் படிகள் நாம் காயப்படுத்தியவர்களைப் பட்டியலிட்டு, அவர்களிடம் ஈடுசெய்யச் சொல்பவை. ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்பவர் இதை அவசரமாகச் செய்தால் பழைய குழியிலேயே விழுவார். அந்தப் பட்டியலில் முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

எல்லை வகுக்கும் பயிற்சி இங்கே போதாது, அதை ஆலோசகரிடம் கற்பது நல்லது. 'இனிமே நீங்க குடிக்கக் கூடாது' என்பது எல்லை ஆகாது, அது அவரை ஆளும் முயற்சி. 'குடிச்சுட்டு வந்தா அன்னைக்கு ராத்திரி நான் வேற ரூம்ல படுத்துக்குவேன்' என்பதே எல்லை, ஏனென்றால் அதை நிறைவேற்ற அவருடைய சம்மதம் தேவையில்லை. சின்னதில் தொடங்குங்கள்: எதைக் கேட்டாலும் உடனே தலையாட்டாமல் 'யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்'. முதலில் அவர் கோபமும் உங்கள் குற்ற உணர்வும் கூடத்தான் செய்யும். பலர் அந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள்.

அடி, மிரட்டல், பணத்தையோ போனையோ பிடுங்கிவைப்பது இருக்கும் வீட்டில் கோடாவை முதல் உதவியாக நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 'என்னிடம் என்ன மாற வேண்டும்' என்ற கேள்வி அங்கே ஆபத்தானது. எல்லையைச் சொன்னாலே வன்முறை கூடக்கூடும். முதலில் குடும்ப வன்முறை உதவி மையத்தை அணுகி, பாதுகாப்பாக வெளியேறத் திட்டமிடுங்கள்.