மானியம் வந்தது, போர்டு போகவில்லை: பி.எம்.இ.ஜி.பி. கடனோடு நாலு வருடம்

போன வாரம் கூடப் படித்த நண்பன் போன் செய்தான். "மாப்ளே, நீ வாங்குனியே பி.எம்.இ.ஜி.பி., போடலாமா வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு." சொல்ல வாயெடுத்து இருபது நிமிடம் புலம்பிவிட்டேன். அந்தப் புலம்பல்தான் இது.

பி.எம்.இ.ஜி.பி. என்றால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்; சொந்தத் தொழில் தொடங்க வங்கிக் கடனும் அரசு மானியமும் கிடைக்கும். மற்ற விவரம் எங்கும் கிடைக்கும், நீட்டவில்லை. கதர் கிராமத் தொழில் ஆணையம் தலைமையில் 2008 முதல் நடக்கிறது. மாவட்டத் தொழில் மையம், கயிறு வாரியம் வழியாகவும் போடலாம். நான் போட்ட 2021இல் உற்பத்தித் தொழிலுக்கு உச்சவரம்பு 25 லட்சம்; அடுத்த வருடமே அதை 50 லட்சம் ஆக்கிவிட்டார்கள், நம் ராசி அப்படி. என் திட்டம் 24 லட்சம். பிற்படுத்தப்பட்ட வகுப்பு, கிராமம், அதனால் மானியம் 35 சதவீதம்: 8 லட்சத்து 40 ஆயிரம். கைக்காசு 5 சதவீதம், 1 லட்சத்து 20 ஆயிரம். கைக்காசு போக மீதி 22 லட்சத்து 80 ஆயிரத்தை வங்கி கடனாகக் கொடுத்தது; மானியம் பிற்பாடுதான் அதில் கழியும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். பொள்ளாச்சிப் பக்கம் 2016இல் வெள்ளை ஈ வந்தது. வாடல் நோயும் சேர்ந்துகொள்ள, தேங்காயை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று ஆனது. நார் மில்காரர்கள் ஒரு காலத்தில் மலைபோலக் குவித்து வைத்திருந்த காயர் பித்தை, அதாவது நார் பிரித்தபின் மிஞ்சும் தூளை, வாங்கி, உப்புப் போகக் கழுவி, களத்தில் காயவைத்து, ஐந்து கிலோ கட்டியாக அழுத்தி விற்கிறோம். மண்ணில்லாமல் தக்காளி வளர்க்கும் வெளிநாட்டுக்காரனுக்கு அது போகிறது. 1 லட்சத்து 20 ஆயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டி அழுத்தும் இந்த பிரஸ்ஸை நான் வேறு எப்படியும் வாங்கியிருக்க முடியாது. இது சத்தியம்.

சரி, இப்போது மானியம். அது நம் கைக்கு வராது. நம் பெயரில் மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது. அதற்கு ஈடான கடன் தொகைக்கும் வங்கி வட்டி போடக் கூடாது. வாங்கிய கையோடு கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர்கள் இருப்பதால் இந்தப் பூட்டு. நியாயம்தான். ஆனால் எங்கள் கிளை முழு 22 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் வட்டி பிடித்துக்கொண்டிருந்தது. மாதம் சுமார் ஏழாயிரம் ரூபாய், பதினொரு மாதம். கண்டுபிடித்தது நானல்ல, பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே கடன் கணக்கையும் எழுதி வந்த என் மனைவி. "அசல் ஏனுங்க இறங்கவே மாட்டேங்குது?" என்றாள். அதிலிருந்து பணம் திரும்ப வருவதற்குள் மூன்று மேனேஜர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை. ஒருவர் மட்டும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. திட்டத்தில் நடைமுறை மூலதனமும், அதாவது சரக்குக்கும் கூலிக்கும் ஒரு வரம்பு வரை அவ்வப்போது எடுத்துக்கொள்ளும் கடனும், சேர்ந்திருந்தால், அந்த மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது அந்த வரம்பை முழுசாகத் தொட்டிருக்க வேண்டும். பயன்பாடும் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பயந்து பயந்து சிக்கனமாக எடுத்தால் அந்த அளவுக்கு மானியத்தில் பிடித்தம். கடனைத் தொடாமல் இருப்பது கெட்டிக்காரத்தனம் என்று வளர்ந்த எனக்கு இது புரியவே ஒரு வருடம் ஆனது. ஐப்பசி மழையில் களம் நனைந்து கிடந்த மாதம்தான் வரம்பைத் தொட்டோம். அந்த மழைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும் போல.

இதையெல்லாம் மன்னித்துவிடலாம். போர்டைத்தான் முடியவில்லை.

யூனிட் வாசலில், இன்ன வங்கி, இன்ன திட்டத்தில் நிதி பெற்றது என்று போர்டு வைக்க வேண்டும். வைத்தேன், தகரத்தில் நீலப் பெயின்ட், வெள்ளை எழுத்து. காயர் பித் தூள் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்: காற்றடித்தால் மூக்கு, காது, டீ டம்ளர், எல்லாம் பழுப்பு. மானியத்தைக் கடனில் கழிக்கும் முன் நேரில் சரிபார்க்க வந்த தம்பி செல்போனில் படம் எடுத்தார். எழுத்து விழவில்லை. துடைத்தேன். துடைத்ததில் வங்கியின் பெயர் பாதி கையோடு வந்துவிட்டது. "புதுசா எழுதி வையுங்க, மறுபடி வர்றேன்" என்று போனவர் வர இரண்டு மாதம். அப்போது வெயில் எதிரே அடித்து போர்டு வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. உள்ளே பிரஸ் ஓடுகிறது, பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள், வாசலில் லாரி நிற்கிறது. அவருக்கு வேண்டியது போர்டு. கடைசியில் நானும் டிரைவரும் தார்ப்பாயை விரித்துப் பிடித்து நிழல் கட்டினோம். படம் விழுந்தது. 8 லட்சத்து 40 ஆயிரம் கடனில் கழிய, அதற்கப்புறமும் நான்கு மாதம்.

இரண்டாவது கடன் ஒரு கோடி வரை தருகிறார்களாம், அதில் 15 சதவீத மானியமாம். மனைவி நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். எனக்குக் காட்டினாள், நான் பார்க்கவில்லை.

நண்பா, கணக்குப்படி பார்த்தால் நீ போட வேண்டும். நேற்று மறுபடி போர்டுக்குப் பெயின்ட் அடித்தேன், கையில் வாசம் இன்னும் போகவில்லை. அதனால் இப்போதைக்கு என் ஒரே வார்த்தை: போடாதே. மீறிப் போடுவதென்றால் தகரம் வேண்டாம். ஃபிளெக்ஸில் மூன்று காப்பி எடுத்து, வடக்குப் பார்த்து மாட்டு.